‘தற்காப்புக்காகச் சுட்டோம்’: பரமக்குடியிலும் மாதவரத்திலும் ஒரே வாக்கியம்

2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் தமிழ்நாட்டுத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒன்பது நாட்கள் கழித்து, ஜூலை 14 அதிகாலையில், அவ்வழக்கில் கைது செய்யப்பட்டுக் காவல்துறையின் பிடியில் இருந்த ஒருவர் மாதவரம் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதங்களைக் கைப்பற்ற அழைத்துச் சென்றபோது தப்பியோடினார், மறைத்து வைத்திருந்த துப்பாக்கியால் சுட்டார், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட நேர்ந்தது என்றது காவல்துறை.

அச்செய்தியைக் கேட்டு ‘சரியாகத்தான் செய்தார்கள்’ என்று சொன்னவர்கள் நம்மிடையேயும் உண்டு. தலைவரைப் பறிகொடுத்த துயரத்தில் அவ்வுணர்ச்சி எழுவதை நாம் பழிக்கவில்லை. ஆயினும் அந்த வாக்கியத்தை நாம் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறோம். 2011 செப்டம்பர் 11 அன்று, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடியில் கேட்டோம். ஜான் பாண்டியன் தடுத்து வைக்கப்பட்டதைக் கண்டித்து ஐந்து முனைச் சந்திப்பில் மறியல் செய்தவர்கள் மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தலித்துகள் ஆறு பேர் உயிரிழந்தனர். கூட்டம் வன்முறையில் இறங்கியது, உயிரையும் உடைமையையும் காக்க வேறு வழியில்லை என்றே அன்றும் விளக்கம் தரப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி சம்பத் தலைமையிலான விசாரணை ஆணையமும் அதை ஏற்றுக்கொண்டது. நாம் ஏற்கவில்லை. பரமக்குடியில் நம்ப மறுத்த வாக்கியத்தை மாதவரத்தில் மட்டும் நம்புவதற்கு நம்மிடம் என்ன காரணம் இருக்கிறது?

சட்டத்தின் நிலையை முதலில் தெளிவுபடுத்திக் கொள்வோம். கைதுக்கு உடன்பட மறுத்து எதிர்ப்பவரை மடக்கத் தேவையான வழிகளைக் கையாளலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமையை இப்பிரிவு தரவில்லை என்றும் அது சொல்கிறது. இதைத் தலைகீழாகப் படித்து, கொலை வழக்கில் சிக்கியவரைச் சுட்டுக் கொல்லலாம் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அப்படியோர் அனுமதி அதில் எங்கும் இல்லை. எஞ்சுவது தற்காப்புரிமை. அது எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள உரிமை. சீருடை அணிந்தவருக்கென்று கூடுதலாக ஒரு பங்கு ஒதுக்கப்படவில்லை. அதைக் கோருபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. அதாவது தற்காப்பு என்பது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டிய எதிர்வாதம். நம் நாட்டிலோ அது பத்திரிகைச் செய்திக் குறிப்பாகப் பிறந்து, பெரும்பாலும் அங்கேயே முடிவுரையும் ஆகிவிடுகிறது. சுடப்பட்டவர் மீது வழக்குப் பதிவாகிறது. சுட்டவர் மீது பதிவாவது அரிது.

இவ்வழக்கத்தை மாற்றவே 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பதினாறு நெறிமுறைகளை வகுத்தது. 1995க்கும் 1997க்கும் இடையே மும்பைக் காவல்துறை நடத்திய 99 மோதல்களில் ஏறத்தாழ 135 பேர் கொல்லப்பட்டதை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் பிறந்தவை அவை. மோதலில் மரணம் நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட வேண்டும். சம்பவத்தில் தொடர்புடைய காவல் நிலையம் அதை விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி.யோ வேறொரு நிலையத்தின் குழுவோ உயரதிகாரியின் மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும். உடற்கூறாய்வை இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும். அது காணொளியாகப் பதிவாக வேண்டும். காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டால் நேரும் எல்லா மரணங்களிலும் நடுவர் விசாரணை கட்டாயம். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீர விருதோ வழங்கக் கூடாது என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. அவ்வரியை எழுத வேண்டிய தேவை நீதிமன்றத்துக்கு எதனால் வந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பொதுவெளி விவாதமோ இந்த நடைமுறைகளின் பக்கமே வருவதில்லை. ‘செத்தவன் யோக்கியனா?’ என்ற ஒரு கேள்வியைச் சுற்றியே அது நடக்கிறது. 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே கால்நடை மருத்துவரின் பாலியல் வல்லுறவு, கொலை வழக்கில் கைதான நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டபோது காவலர்கள் மீது பூ மாரி பொழிந்தனர். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளிவந்தபோது பூ தூவியவர்களின் குரல் கேட்கவில்லை. கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டிருக்கிறார்கள், காவலர்கள் பத்துப் பேர் மீது கொலைக் குற்றத்துக்காக வழக்கு நடத்த வேண்டும் என்றது ஆணையம். கொல்லப்பட்ட நால்வரில் மூவர் சிறார் என்றும் கண்டறிந்தது.

சுடும் அதிகாரத்தைக் கேள்வியின்றி ஒப்படைத்த சமூகத்தில் அது யார் மீது திரும்பும் என்பதற்கு நம்மிடம் பழைய கணக்கு இருக்கிறது. மேற்சொன்ன அதே மும்பையில், அதே 1997இல், ஜூலை 11 அன்று, காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை அணிவித்ததைக் கண்டித்துத் திரண்ட தலித் மக்கள் மீது மாநில ரிசர்வ் காவல் படை சுட்டது. பத்துப் பேர் இறந்தனர். எரிவாயு டேங்கர் லாரிகளுக்குத் தீ வைக்கக் கூட்டம் முனைந்தது, பேரழிவைத் தடுக்கவே சுட்டோம் என்றது காவல்துறை. நீதிபதி குண்டேவார் ஆணையம் அக்கதையை ஏற்கவில்லை. துப்பாக்கிச் சூடு நியாயமற்றது என்றது. அப்படையின் உதவி ஆய்வாளருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2009இல், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. பின்னர் உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து அவருக்குப் பிணை வழங்கியது.

இதில் நம் சாதியார், பிற சாதியார் என்று அளவுகோலை மாற்றிக்கொள்ள முடியாது. 1957இல் இம்மானுவேல் சேகரன் கொலையை ஒட்டி எழுந்த முதுகுளத்தூர்க் கலவரத்தின்போது, கீழத்தூவலில் மறவர் ஐவரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. நம் தலைவரைக் கொன்ற வன்மத்துக்கு அது ஈடாகும் என்று அன்று எண்ணியோர் இருந்திருக்கலாம். ஆனால் அதே வட்டாரத்தில் அதே அதிகாரம் 2011இல் நம்மை நோக்கித் திரும்பியது.

ஆம்ஸ்ட்ராங் வழக்கில் இழந்ததையும் சொல்ல வேண்டும். வெட்டியவர்களோடு நிற்கும் வழக்கன்று அது. யார் திட்டமிட்டார்கள், பணம் எங்கிருந்து வந்தது, ஏவியவர்கள் எவர் என்பதே நம் கேள்வி. அதற்கு விடை தெரிந்திருக்கக்கூடிய ஒருவரின் வாய் குறுக்கு விசாரணைக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. வன்கொடுமை வழக்குகள் சாட்சியமின்றி விடுதலையில் முடிவதை ஆண்டுதோறும் பார்ப்பவர்கள் நாம். நாமே ஒரு சாட்சியத்தின் அழிவைக் கொண்டாட முடியாது.

காவல்துறையின் பிடியில் இருப்பவர் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்கிறது சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு. மாதவரத்தில் இறந்தவரும் அப்பிடியில் இருந்தவரே. நெறிமுறைகள் மீறப்பட்டதாகக் கருதினால், இறந்தவரின் குடும்பத்தார் அமர்வு நீதிபதியிடம் முறையிடலாம் என்று 2014 தீர்ப்பு வழி திறந்து வைத்திருக்கிறது. பரமக்குடிக் குடும்பங்களுக்காக நீதிமன்றப் படியேறிய வழக்கறிஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். மாதவரத்தில் சுடப்பட்டவரின் குடும்பத்தார் அத்தகைய மனுவோடு வந்தாலும், அதை எழுதிக் கொடுக்க அவர்கள் தயங்கக் கூடாது.