முதலில் கால் நடக்கட்டும், மனசு பின்னால் வரும்

"ஊரில் தனியாக இருக்கும் அம்மா இப்போதெல்லாம் திண்ணைக்குக்கூட வருவதில்லை. யாராவது வந்தால் தலைவலி என்று படுத்துக்கொள்கிறார். டெஸ்ட் எல்லாம் நார்மல். மனச்சோர்வைப் பேசியே குணப்படுத்தலாம் என்கிறார்களே, நிஜமா?" ராயப்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி இது.

நிஜம்தான். ஆனால் மனநலச் செயலி விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

தமிழ்நாட்டிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இடம்பெற்ற குழு, தனியாக வாழும் 55 வயதைக் கடந்த 1,120 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு ஆறு வாரம் தொலைபேசியில் பேச்சு சிகிச்சை அளித்தது. முடிவு 2023இல் வெளியானது. பேச்சோடு ஒருமுறை பணமும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு கொஞ்சம் குறைந்தது, அதுவும் கொஞ்ச காலத்துக்கே. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் மாற்றம் தெரியவில்லை.

கோவாவில் கதை வேறு. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 60 வயதுக்கு மேற்பட்ட 181 பேரிடம், மனச்சோர்வு முற்றுவதற்கு முன்பே வேலையை ஆரம்பித்தார்கள். பேசியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். ஓராண்டில் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 14 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு வந்தது; இந்தப் பேச்சு உதவி பெற்றவர்களில் 4 சதவீதம் பேருக்கே. மொத்த எண்ணிக்கை சிறியது என்பதை மறக்க வேண்டாம்.

அந்தச் சாதாரண ஆட்கள் அறிவுரை சொல்லவில்லை. பெரிய கவலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, அதில் ஒன்றை எடுத்து, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். இதற்கு நெருங்கிய உறவான செயலூக்க முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மனசு சோர்ந்தால் சந்தைக்குப் போவது நிற்கிறது. அங்கே கிடைக்கும் நாலு வார்த்தையும் சிரிப்பும் நிற்கின்றன. அவை நின்றதால் மனசு இன்னும் சோர்கிறது. இந்தச் சுழலை மனசின் பக்கமிருந்து உடைப்பது கடினம், காலின் பக்கமிருந்து உடைப்பது சுலபம். இந்த முறையில், ஆசை வரட்டும் என்று காத்திருக்காமல், நாள், நேரம், இடம் குறித்து ஒரு சின்னக் காரியத்தைச் செய்ய வைக்கிறார்கள்.

பழைய அடிபம்பு போலத்தான். பல நாள் அடிக்காவிட்டால் தோல் வாஷர் காய்ந்துவிடும். எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும். மேலே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் தோல் ஊறி, பிடிப்பு வந்து, பத்து அடியில் தண்ணீர் ஏறும். அந்த முதல் சொம்பை இன்னொருவர்தான் கொண்டுவர வேண்டும். நடுவில் நிறுத்தினால் மறுபடி காய்ந்துவிடும். நிலத்தடி நீரே வற்றியிருந்தாலோ சொம்பால் பயனில்லை. பேச ஆளில்லாத வீடு, ஓயாத மூட்டுவலி, கையில் காசின்மை எல்லாம் அந்த வறட்சிதான். தமிழ்நாட்டில் பலன் நிலைக்காததற்குக் காரணம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். கோவாவில் தூக்கத்துக்கும் சர்க்கரைக்கும் வழி சொன்னார்கள், அரசு உதவி பெறவும் துணை நின்றார்கள்.

வரலாறு கொஞ்சம்தான். 1970களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூவின்சன் செயலூக்க முறைக்கு அடித்தளமிட்டார். 1996இல் நீல் ஜேக்கப்சன் குழு, எண்ணங்களைத் திருத்தும் பகுதியை விட்டுவிட்டுச் செயல்பகுதியை மட்டும் கொடுத்துப் பார்த்தது. முழுச் சிகிச்சைக்குச் சமமான பலன் கிடைத்தது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரையோடு வீடு தேடிப் போகும் பெண்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்தால் என்ன? புதிய செயலிகளுக்குச் செலவழிப்பதைவிட அதைத்தான் நான் கேட்பேன்.

வாசகருக்கு: போனில் "எப்படிம்மா இருக்கே" என்பதோடு நிறுத்தாதீர்கள். "நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கோயில் வாசல் வரைக்கும் போயிட்டு வா, ஆறு மணிக்குக் கூப்பிடுறேன்" என்று சொல்லி, தவறாமல் கூப்பிடுங்கள். சாப்பாட்டை ஒதுக்கினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்க வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதுவரை 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் பேசலாம்.