3 அதிகமா, 3 மடங்கா? நாலாம் வகுப்புக் கணக்கும் உங்க ஹோம் லோனும்

வீட்டுல மூணாவது, நாலாவது படிக்கிற பிள்ளை இருந்தா இதைக் கேட்டுப் பாருங்க. "தம்பிகிட்ட 4 கோலி. அக்காகிட்ட அதைப்போல 3 மடங்கு. அக்காகிட்ட எத்தனை?"

வாய்ப்பாடு தலைகீழா ஒப்பிக்கிற பிள்ளைகூட "7" என்று சொல்ல வாய்ப்பு இருக்கு. காரணம், பெருக்கல் என்றாலே அவங்களுக்கு 3 தட்டு, தட்டுக்கு 4 இட்லி. இங்கே தட்டே இல்லையே! 4 என்பது கோலி, 12 என்பதும் கோலி. ஆனால் 3 கோலி என்று எதுவும் எங்கேயும் இல்லை. அந்த 3, இரண்டு அளவுகளுக்கு நடுவில் உள்ள உறவு மட்டும்தான். அமெரிக்காவில் 2010-ல் வந்த காமன் கோர் பாடத்திட்டம் இதை நாலாம் வகுப்பில் தனியாகவே வைத்திருக்கிறது: 35 என்பது 7-ஐப்போல 5 மடங்கு.

சொல்லித்தர ஒரு பேப்பர் பட்டை போதும். தம்பிக்கு ஒரு பட்டை. அக்காவுக்கு அதே நீளத்தில் மூன்று பட்டை, கீழே வரிசையாக. அடுத்து திருப்பிப் போடுங்க: "அக்காகிட்ட 12. அது தம்பியைப்போல 3 மடங்கு. தம்பிகிட்ட எத்தனை?" 'மடங்கு' என்ற வார்த்தையைப் பார்த்ததும் பெருக்குகிற பிள்ளை 36 என்று சொல்லும். ("வார்த்தையைப் பார்த்துக் கணக்கைக் கண்டுபிடி" என்று சொல்லித்தருவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.) பட்டையைப் பார்க்கிற பிள்ளை 12-ஐ மூன்றாகப் பிரிக்கும்.

சரி, இது நம்ம சேனலுக்கு எதுக்கு? நாமளும் பணத்தைக் கழித்தல்லதான் ஒப்பிடுறோம். இரண்டு பேருக்கும் ₹5,000 ஹைக். ஒருத்தர் 25,000-லிருந்து 30,000: 1.2 மடங்கு. இன்னொருத்தர் 1,00,000-லிருந்து 1,05,000: வெறும் 1.05 மடங்கு.

லோன்ல இது இன்னும் வலிக்கும். ₹50 லட்சம், 8.5% வட்டி. 20 வருஷம்னா இஎம்ஐ சுமார் ₹43,400. 30 வருஷம்னா சுமார் ₹38,450. "மாசம் அஞ்சாயிரம் மிச்சம் சார்" என்று சொல்லித்தான் 30 வருஷத்தை விற்பாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கும். வட்டி மாறாம இருந்தா, 20 வருஷத்துல நீங்க கட்டுறது வாங்கின கடனைப்போல சுமார் 2.08 மடங்கு. 30 வருஷத்துல சுமார் 2.77 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட ₹34 லட்சம் கூடுதல். கையெழுத்துக்கு முன்னாடி "மொத்தம் எத்தனை மடங்கு?" என்று கேளுங்க.

திரும்ப பிள்ளைகிட்ட வருவோம். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கணக்கு. அப்பாவுக்கு 32 வயசு, பிள்ளைக்கு 8. 4 மடங்கு. இன்னும் 4 வருஷத்துல 36, 12. இப்போ 3 மடங்குதான்! ஆனா வித்தியாசம் அதே 24. ஏன்னு பிள்ளையே யோசிக்கட்டும். நீங்க பதிலைச் சொல்லிடாதீங்க.