சிகிச்சைசார் உரையாடல் (செவிலியம்)

சிகிச்சைசார் உரையாடல் என்பது நோயாளியின் உடல், மன நலனை நோக்கமாகக் கொண்டு செவிலியர் நடத்தும் உரையாடல் ஆகும். பேச்சுடன் பார்வை, தொடுகை, மௌனம் ஆகியவையும் இதில் அடங்கும். அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இல் வெளியிட்ட நூல், செவிலியர்–நோயாளி உறவைச் சிகிச்சையின் பகுதியாகவே விளக்கியது. இந்தியாவில் பி.எஸ்சி. செவிலியப் படிப்பின் மனநலச் செவிலியப் பாடத்தில் இது கற்பிக்கப்படுகிறது.

முக்கியத் திறன்கள்

திறந்த கேள்வி: "வலிக்குதுங்களா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்பதோடு பதில் முடிந்துவிடும். "வலி எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க" என்றால் வலியின் இடம், நேரம், தன்மை தெரியவரும்.

எதிரொலித்தல்: "ஆபரேசன்னா பயமா இருக்குதுங்க" என்பவரிடம், "ஆபரேசனை நினைச்சாப் பயமா இருக்குதுங்களா?" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிக் காத்திருத்தல். அச்சத்தின் காரணத்தை அவரே சொல்லத் தொடங்குவார்.

தவிர்க்க வேண்டியவை: "ஒண்ணும் ஆகாது" என்ற வெற்று ஆறுதல், "ஏன் மாத்திரை சாப்பிடல?" என்று குற்றஞ்சாட்டும் கேள்வி.

புரிந்ததைச் சரிபார்த்தல்

கோவை வட்டாரத்தில் "சரிங்க" என்பது பல வேளைகளில் மரியாதைச் சொல்லே. புரிந்தது என்பதற்கு உறுதி ஆகாது. தலையசைத்துச் சென்ற முதியவர் வீட்டில் இன்சுலினைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டால், இரத்தச் சர்க்கரை குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே, "நான் சரியாச் சொன்னனான்னு பார்க்கோணும். வீட்டுல எப்படிப் போட்டுக்குவீங்கம்மா, சொல்லுங்க" என்று கேட்பது நல்லது. இதில் சோதிக்கப்படுவது செவிலியரின் விளக்கமே. நோயாளியின் அறிவு அன்று. பதில் தவறாக இருந்தால், வேறு சொற்களில் மீண்டும் விளக்க வேண்டும்.