உப்புத் தண்ணீரும் நான் செய்த தவறும்

நான் பிறந்து வளர்ந்தது மோகனூர். காவிரிக் கரை. வாக்கப்பட்டு வந்தது சேலம் – நாமக்கல் சாலையில் இருக்கும் புதுச்சத்திரம். இரண்டு பஸ் மாறினால் அம்மா வீடு. ஆனால் தண்ணீரில் மட்டும் இரண்டு ஊருக்கும் எத்தனை தூரம் என்று வந்த வாரமே தெரிந்துவிட்டது.

வீட்டில் இரண்டு தண்ணீர். தெருக் குழாயில் நாள் விட்டு நாள் வரும் நல்ல தண்ணீர். எப்போதும் வரும் போர் தண்ணீர். நல்ல தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று நான் போர் தண்ணீரிலேயே பருப்பைப் போட்டேன். குக்கர் ஆறு விசில் விட்டது. பருப்போ முழுசு முழுசாகச் சிரித்தது!

அத்தை கோபப்படவில்லை. "ஏங் கண்ணு, உப்புத் தண்ணில பருப்பு வேகுமா? நல்ல தண்ணிக் குடத்துல மொண்டு ஊத்து" என்றார். அவ்வளவுதான்.

பருப்பு மட்டுமா? சோப்பு நுரைக்கவில்லை. தலை சிக்குப் பிடித்தது. எவர்சில்வர் டம்ளரில் வெள்ளைத் திட்டு. வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு அடித்தாற்போல் பொருக்கு. ஷவரில் பாதித் துளை அடைப்பு. இதெல்லாம் தொல்லை, அவ்வளவுதான். நான் செய்த தவறு வேறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் ஏன் கடினமாகிறது?

மழைத் தண்ணீர் மென்மையானது. அது மண்ணுக்குள் இறங்கும்போது காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. நம் பக்கத்து மண்ணைக் கேட்கவே வேண்டாம். சேலத்தில் மாக்னசைட் என்கிற வெள்ளைக்கல், சங்ககிரியில் சுண்ணாம்புக்கல். ஆழத்துப் பாறை இடுக்கில் வெகு காலம் தங்கிய தண்ணீரைத்தான் போர் போட்டு எடுக்கிறோம்.

இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, குளியல் சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை பொங்கினால் மென்நீர். நுரை இல்லாமல் மோர் மாதிரித் திரிந்தால் கடினநீர்.

என் தவறு

எதிர் வீட்டு அண்ணனுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து அவர் துடித்த துடிப்பைப் பார்த்தேன். "எல்லாம் இந்த உப்புத் தண்ணியால வந்த வினை" என்றார்கள் தெருவில். எனக்கு அடி வயிறு கலங்கிவிட்டது. இரண்டாவது படிக்கும் என் மகனிடம், "பள்ளிக்கூடத்துக் குழாயில வாய வெக்காதே சாமி, வயித்துல கல்லு வந்துரும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். வீட்டிலிருந்து ஒரு சிறிய பாட்டில் கொடுத்தேன். அது தீர்ந்துவிட்டால் என்ன செய்வான் என்று நான் யோசிக்கவே இல்லை.

பயந்த பிள்ளை பாட்டில் தண்ணீரையும் தொடவில்லை. மாலையில் பாதி பாட்டில் அப்படியே திரும்பி வரும். சித்திரை வெயில் வேறு. ஒரு நாள் இரவு, "அம்மா, ஒண்ணுக்குப் போனா எரியுது" என்று அழுதான். சிறுநீர் மஞ்சளாக, அடர்த்தியாக இருந்தது. மறுநாள் உடம்பும் கணகணவென்று சுட்டது.

டாக்டர் அம்மா சோதித்துவிட்டு, "நாள் முழுக்க எவ்வளவு தண்ணி குடிக்கிறான்?" என்று கேட்டார். நான் விவரத்தைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கல் வரக் கூடாதுன்னு நினைச்சு, கல் வர வழி பண்ணியிருக்கீங்களேம்மா!"

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். கடினநீர் குடிப்பதால் கல் வருகிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. அந்தக் கால்சியமும் மக்னீசியமும் உடம்புக்கு வேண்டியவைதான். கல்லுக்குப் பெரிய காரணம் வெயில் காலத்தில் போதிய தண்ணீர் குடிக்காததும், உணவில் உப்பு மிஞ்சுவதும். சிறுநீர் வெளிர் நிறமாக இருந்தால் தண்ணீர் போதுகிறது என்று அர்த்தம். எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம் என்றால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மருந்திலும் தண்ணீரிலும் பிள்ளை ஒரு வாரத்தில் தேறினான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

பயப்பட வேண்டியது எதற்கு?

போர் தண்ணீரில் நாம் கவனிக்க வேண்டியவை வேறு. ஒன்று ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் வளரும் குழந்தைகளின் பல்லில் வெள்ளை, பழுப்புத் திட்டு விழும். நாள்பட்டால் எலும்பையும் பாதிக்கும். மற்றொன்று நைட்ரேட், 45-ஐத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. இவை இரண்டும் கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். (ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரே வேண்டாம் என்பதையும் இளம் தாய்மார்கள் மறக்கக் கூடாது.)

கண்ணுக்கும் நாக்குக்கும் இவை தெரியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். நானும் ஒரு பாட்டில் கொடுத்தேன். கடினத்தன்மை 600-ஐத் தாண்டியிருந்தது. ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் வரம்புக்குள் இருந்தன. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

குழந்தைக்குக் கரப்பான் இருந்தால் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் வாங்க ஓட வேண்டாம். இங்கிலாந்தில் 336 குழந்தைகளை வைத்துச் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த இயந்திரத்தால் கரப்பான் கூடுதலாகக் குறையவில்லை.

வீட்டுக்குச் சில யோசனைகள்

பருப்பு: கால்சியம் பருப்பை இளக விடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. நல்ல தண்ணீரில் அரை மணி ஊற வைத்து, அதிலேயே வேக விடுங்கள். வெந்த பிறகுதான் புளி, தக்காளி. சோடா உப்பு போட்டால் குழையும். ஆனால் பி1 வைட்டமின் போய்விடும்.

தலை: சோப்பைப் போல அரப்பும் சீயக்காயும் திரிந்து பிசுக்கு வைக்காது. கடைசி ஒரு சொம்பு நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

துணி: கட்டிச் சோப்பைவிடத் துணி பவுடர் மேல். தண்ணீரில் முதலில் கொஞ்சம் சலவைச் சோடா கரைத்தால் கடினம் குறையும். கையுறை போடாமல் அள்ள வேண்டாம்.

பொருக்கு: ஹீட்டர் பிளக்கைக் கழற்றி, கம்பி நன்றாக ஆறிய பிறகு வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊற விடுங்கள். பொருக்கு ஏறினால் கரண்டு செலவும் ஏறும். குக்கருக்குப் புளித் தண்ணீர் போதும்.

மழைத் தண்ணீர்: தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர்! முதல் மழையை வெளியே விட்டு, அடுத்ததை மூடிய தொட்டியில் பிடித்து வைத்தால் பருப்புக்கு ஊற்றிக் காய்ச்சலாம். துணிக்கும் தலைக்கும் ஆகும்.

ஆர்.ஓ. மெஷின்: தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, தேவை என்றால் மட்டும் வாங்குங்கள். நிறையத் தண்ணீரைக் கழிவாகத் தள்ளும். அதை வாளியில் பிடித்தால் தரை துடைக்கவாவது ஆகும்.

இப்போதெல்லாம் மகனுக்குப் பெரிய பாட்டில். மாலையில் பையை இறக்கியதும் அத்தைதான் முதலில் அதை எடுத்துக் குலுக்கிப் பார்ப்பார். சத்தம் வராவிட்டால், "காலி பண்ணிட்டான் கண்ணு!" என்று அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். எனக்கு அதுவே போதும்.