வண்டியேறிய வேட்டை நாய்கள்

வேட்டை என்றதும் பெரியபுராணத்துத் திண்ணனார் நினைவுக்கு வருவது இயல்பே. வலையறுத்தோடிய பன்றியை நாணனும் காடனும் உடன்வரத் துரத்திச் சென்றவர் அவர். வன்னிக் காட்டோரக் கிராமங்களில் நாய்களைக் கொண்டு பன்றி பிடிக்கும் வழக்கத்தையும் நம்மிற் பலர் அறிவர். அங்கெல்லாம் மனிதன் நடப்பான். நாய் முன்னே ஓடும். ஆனால் நாயை மோட்டார் வண்டியில் ஏற்றி, ஓடும் வண்டியிலிருந்தே பன்றியின் வாடையைக் காற்றிற் பிடிக்கச் செய்யும் கலையொன்று அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வளர்ந்திருக்கிறது. ரெக்சாஸில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த காலத்தில், அயற் பண்ணைக்காரர் ஒருவருடன் இரண்டு இரவுகள் சென்று அதனை நேரிற் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

இப்பன்றிகள் அந்த நாட்டுக்கு உரியன அல்ல. 1539இல் ஸ்பானியத் தளபதி ஹெர்னாண்டோ டி சோட்டோ உணவுக்கெனப் புளோரிடாவுக்குக் கொண்டுவந்த பன்றிகளும், பிற்காலக் குடியேறிகள் மேயவிட்டவையும் காடேறிப் பெருகின. 1912இல் வட கரோலினாவில் வேட்டைக்கென அடைத்து வைத்த ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் பின்னர் தப்பிச்சென்று அவற்றோடு கலந்தன. இன்று அந்நாட்டில் ஏறக்குறைய 60 இலட்சம் பன்றிகள் உள்ளன என்று மதிப்பிடுகின்றனர். சினைக்காலம் 115 நாள் அளவே. ஆதலால் ஆண்டுக்கு இருமுறையும் ஈனக்கூடும். விதைத்த சோளவயலை ஒரே இரவில் உழுததுபோல் ஆக்கிவிடுகின்றன.

வண்டியின் பின்தட்டில் நாய்க்கூடுகள். அவற்றின்மேல் சிறு மேடை. அதில் விழாதபடி குறுஞ்சங்கிலியாற் பிணைத்த நாய் ஒன்று நிற்கும். காற்றுக் குறுக்காக வீசும் பாதையைத் தெரிந்து வண்டியை மெல்லச் செலுத்துவர். நான் கண்ட நாய், லூசியானா மாநிலத்துக்குரிய கற்றஹூலா இனத்தது. நெடுநேரம் சும்மா நின்ற அது திடீரெனக் கழுத்தை நீட்டி, மூக்கை உயர்த்திக் குரைத்தது. இருளில் எங்கள் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. பண்ணைக்காரர் அதனையே நம்பி மற்றக் கூடுகளைத் திறந்தார்.

இதன் பயிற்சி குட்டிப் பருவத்திலேயே தொடங்குகிறது. முதலில் வண்டியின் ஓசைக்கும் ஆட்டத்துக்கும் பழக்குவர். பின், அடைத்து வைத்த பன்றிக்குக் காற்றுக் கீழ்ப்புறமாக வண்டியை ஓட்டுவர். குட்டி வாடைக்குக் குரைத்தால் உடனே அவிழ்த்துவிடுவர். அந்த விடுதலையே அதற்குப் பரிசு. அதன்பின் முதிர்ந்த நாயோடு அனுப்புவர். மானையோ மாட்டையோ துரத்தாதிருக்கக் கற்பிப்பதுதான் பெரும்பாடு. அயலவன் கன்றைத் துரத்தும் நாயோடு வருபவனுக்கு எந்தப் பண்ணையின் படலையும் திறவாது.

நாய்களுள் இருவகைத் தொழிலுண்டு. வளைத்து நின்று குரைத்துப் பன்றியை நகரவிடாது நிறுத்துவது ஒருவகை. காதைக் கவ்விப் பிடிப்பது மற்றொரு வகை. கவ்வும் நாயை மனிதர் நெருங்கும்வரை கயிற்றிலேயே வைத்திருப்பர். அது சென்று பற்றியதும் மனிதர் பின்னங்கால்களைப் பிடித்துக் கத்தியால் வேலையை முடிப்பர். வளைத்து நிற்கும் நாய் அளவுக்கு மீறி நெருங்கினால் கொம்பு அதன் வயிற்றைக் கிழிக்கும். அஞ்சி விலகினால் பன்றி ஓடிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அறிவதே அதன் கல்வி.

நாய்க்கு வரும் இடர் கொம்பினால் மட்டுமன்று. மார்பைக் காக்கும் தடித்த கவசமே வெப்பத்தைத் தேக்கி அதன் உயிருக்கு உலையாகலாம். பன்றிகளிடமிருந்து தொற்றும் ஒளஜெஸ்கி என்னும் நோயோ கண்டால் ஓரிரு நாளிலேயே நாயைக் கொன்றுவிடும், அதற்கு மருந்தில்லை. ஆகவே அறிந்தவர் பச்சைப் பன்றியிறைச்சியை நாய்க்குக் கொடார். புரூசெல்லா என்னும் நோய் மனிதரையும் பற்றுமாதலால் கையுறையின்றி அறுக்கவும் மாட்டார்.

இவ்வேட்டையால் மட்டும் பன்றிகள் குறைந்துவிடா. கூட்டம் முழுவதையும் அகப்படுத்தும் பெருங்கூண்டுகளே அதற்கு ஏற்றவை. கூண்டுக்கு அஞ்சித் தப்பியவற்றைத் தேடவே நாய் பெரிதும் உதவும். இரு பிராணிகளையும் வதைக்கும் கொடுமை இது என்போர் கூற்றையும் எளிதில் ஒதுக்க முடியாது. என்னைக் கேட்டால், நாயின் துணிவைப் புகழுமுன் அதன் எசமானின் கையை நோக்கவேண்டும் என்பேன். நடுப்பகல் வெயிலில் அவிழ்க்காது பொறுக்கும் கை, காயம்பட்ட நாயை வேட்டையை விட்டுவிட்டு வண்டியிலேற்றும் கை, அதுவே வேட்டைக்காரன் கை. பாயக் கற்பிப்பது எளிது. நிற்கக் கற்பிப்பதே அரிது. அது நாய்க்கு மட்டும் உரிய பாடமன்று.