உவர் வயலும் வெண்கண்டல் மரமும்

மட்டக்களப்பு வாவியை அடுத்து வயல் செய்யும் கமக்காரர் உவரின் கொடுமையை நன்கு அறிவர். சிறுபோகத்தில் நன்னீர் குறையுங்கால் மண்ணில் உப்பு மேலெழும். நாற்றின் இலைநுனி வெளிறிக் கருகும். கதிர் வந்தாலும் மணி பதராகும். ஆயின் அதே வாவியின் உவர் நீரில் வெண்கண்டல் மரம் பசுமை குன்றாது நிற்கின்றது. அதன் இலையை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர்வழி வந்த உப்பின் ஒரு பகுதியை அம்மரம் இலையிலுள்ள சுரப்பிகளால் வெளியேற்றுவதே இதற்குக் காரணம்.

இம்மரத்தின் உப்புத் தாங்கும் ஆற்றலை நெல்லுக்கு அளித்தல் கூடுமா என ஆராய்ந்தவர் கலாநிதி அஜய் பரிதா ஆவர். 1963 ஆம் ஆண்டு இந்தியாவின் ஒடிசா மாநிலத்திற் பிறந்த இவர், சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தார். 2014 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2022 இல் காலமானார்.

பயிரின் இயல்புகளை வகுத்து, விதை வழியே அடுத்த தலைமுறைக்குக் கொண்டு செல்வன பரம்பரை அலகுகள் எனப்படும். உப்பு மிகுந்தவிடத்துப் பயிரின் கலங்களில் தீங்கு விளைக்கும் ஒட்சிசன் வகைகள் பெருகும். அவற்றை அடக்கும் நொதியம் ஒன்றை ஆக்குகின்ற பரம்பரை அலகைப் பரிதாவும் அவர் குழுவினரும் வெண்கண்டலிலிருந்து பிரித்தெடுத்து, பூசா பாசுமதி 1 என்னும் நெல்லினுட் புகுத்தினர். அந்நெல் உப்பை முன்னிலும் நன்கு தாங்கியதென 2008 இல் அறிவித்தனர்.

இஃது ஆராய்ச்சியளவில் நிற்கும் நெல்லாகும். நம் வயல்களுக்கு வந்த விதையன்று. நமக்குக் கிடைக்கும் பயன் வேறொரு வழியில் வந்தது. கேரளக் கரையோரத்துப் பொக்காளி நெல் இயல்பாகவே உவரைத் தாங்குவது. அதனை நம் நாட்டு நெல்லினத்துடன் கலந்து பெற்ற ஏ.ரி. 354 என்னும் மூன்றரை மாத நெல், அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்தினின்று 1992 இல் வெளிவந்தது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. பெரும்போக முதல் மழைநீரை வயலிற் தேக்கி, உப்பு கரைந்தபின் வடிகால் வழியே வெளியேற்றுக.

2. இளநாற்றும் பூக்கும் பயிரும் உப்பால் மிகவும் நலியும். ஆதலின் உவர் வயலிற் சற்று முதிர்ந்த நாற்றை நடுக. பூக்கும் பருவத்தில் நன்னீர் குறையாது பார்த்துக்கொள்க.

3. கிணற்று நீர் கரிக்கும் தோட்டத்திற் போஞ்சி பயிரிடுதலைத் தவிர்க்க.

4. உவர் தாங்கும் விதை நெல்லைப் பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.

5. வாவிக்கரைக் கண்டல்களை விறகுக்கென வெட்டற்க.

பழைய நெல்லினமொன்று இல்லாதிருந்தால் ஏ.ரி. 354 பிறந்திராது. வெண்கண்டல் அழிந்திருந்தால் பரிதாவின் ஆராய்ச்சிக்கு இடமே இருந்திராது. நம் மக்களின் வயலுக்கு நாளை வேண்டப்படும் இயல்பு எந்தச் செடியில் உள்ளதென இன்று எவரும் அறியார். ஆதலின் வாவிக்கரை மரத்தையும் பழைய விதையையும் காத்தல் நம் கடனாகும்.