வரைபடத்தில் இல்லாத ஊரின் பெயர்: ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் கதை

கொல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த தமிழர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வந்த முதல் மழைக்காலத்திலேயே, ஆபீஸிலோ டீக்கடையிலோ ஒருவர் தோளில் கைபோட்டு, "தாதா, நீங்க மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" என்று கேட்டுவிடுவார். ஏதோ பந்து விளையாட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து நாமும் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிவைப்போம். உண்மையில் அவர் கேட்பது, "உங்க பூர்வீகம் எது?" என்பதுதான். இதைப் புரிந்துகொள்ள நமக்குச் சில வருஷம் பிடிக்கிறது.

தமிழ்ச் சங்க மலரில் பந்தாட்டக் கிளப்புக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். சொந்த ஊரை விட்டு வந்தவர்கள், வந்த இடத்தில் தங்களுக்கென்று ஓர் அமைப்பைக் கட்டினார்கள். விட்டு வந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிறகு அந்த ஊரே வரைபடத்திலிருந்து போய்விட்டது. அமைப்பு மட்டும் நூறு வருஷம் தாண்டி நிற்கிறது. அது எப்படி நின்றது என்று தெரிந்துகொள்வது, சங்கம் நடத்துகிற நமக்கு வீண்வேலை ஆகாது.

ஒருவரை உட்காரவைத்ததில் பிறந்தது

அன்றைய கல்கத்தாவில் கிழக்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர்களை 'பாங்கால்' என்பார்கள். பட்டிக்காட்டான் என்கிற தொனி அதில் உண்டு. தென்னாட்டுக்காரர் எல்லாரையும் 'மதராஸி' என்று ஒரே மூட்டையில் கட்டியதை அனுபவித்தவர்களுக்கு அந்தத் தொனியை விளக்க வேண்டியதில்லை. மேற்கு வங்காளத்துப் பூர்வகுடிகளுக்குப் பெயர் 'கோட்டி'. பாங்காலுக்கு இலிஷ் மீன், கோட்டிக்கு இறால் என்று இன்றுவரை கேலி நடக்கிறது.

1920 ஜூலை 28 அன்று கூச்பிஹார் கோப்பைப் போட்டியில் ஜோராபாகான் கிளப்பும் மோகன் பகானும் மோதின. சைலேஷ் போஸ் என்ற கிழக்கத்திய தடுப்பாட்டக்காரரை ஜோராபாகான் அணியில் சேர்க்காமல் உட்காரவைத்துவிட்டார்கள். கிளப்பின் துணைத்தலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌத்ரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. கிழக்கத்தியான் என்பதால்தான் ஒதுக்குகிறார்கள் என்று அவர் மனதில் பட்டது. சில நண்பர்களுடன் வெளியேறினார். நான்கே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்தது. முதல் தலைவர் சாரதாரஞ்சன் ராய், கல்லூரி முதல்வர், கிரிக்கெட் பிரியர், சத்யஜித் ராயின் தாத்தாவுக்கு அண்ணன். சிவப்பும் பொன்மஞ்சளும் கலந்த சட்டையை சௌரங்கியில் ஒரு வெள்ளைக்காரர் கடையில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கிளப் வட்டாரத்தில் சொல்வதுண்டு.

இதில் ஒரு வேடிக்கை. 1889-இல் தோன்றிய மோகன் பகான், 1911-இல் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றி நாட்டையே நிமிரவைத்ததே, அந்த அணியிலேயே கிழக்கு வங்காளத்துப் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். ஆக, ஆட்டத் திறமைக்கு அவர்களிடம் பஞ்சம் இல்லை. தங்கள் பெயரில் ஓர் இடம் இல்லாததுதான் குறை.

கதவைத் தட்டிய அணி

கிளப் தொடங்கினால் போதுமா? கல்கத்தா லீக்கின் முதல் டிவிஷனில் அப்போது இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் இடம் கிடையாது என்று ஒரு விதி. அந்த இரண்டும் மோகன் பகானும் ஆர்யன்ஸும். மற்றதெல்லாம் ஆங்கிலேயர் கிளப்புகளும் பட்டாளத்து அணிகளும். 1924-இல் இரண்டாம் டிவிஷனில் முன்னணிக்கு வந்த ஈஸ்ட் பெங்கால், எங்களுக்கும் மேலே இடம் கொடுங்கள் என்று வழக்காடியது. கடைசியில் விதியே போனது. ஒரு கிளப்புக்காகத் திறந்த கதவு, பின்னால் வந்த எல்லா இந்தியக் கிளப்புகளுக்கும் பயன்பட்டது.

1925 மே 28 அன்று லீக்கில் முதன்முதலாக மோகன் பகானைச் சந்தித்தது. நேபால் சக்கரவர்த்தி போட்ட ஒரே கோலில் ஜெயித்தது. 'டெர்பி' என்று இன்று ஊரே இரண்டுபடும் ஆட்டத்தின் லீக் வரலாறு அங்கே தொடங்குகிறது. 1928-இல் மறுபடி கீழே இறங்கியதும், 1930-இல் சட்டமறுப்பு இயக்க நாட்களில் லீக் பாதியில் நின்று மேலே வரும் வாய்ப்பு கைநழுவியதும் தனிக்கதை. அப்போது ஆதரவாளர்கள் தீவட்டி ஏந்தி ஊர்வலம் போனார்களாம். அந்தத் தீவட்டிதான் இன்றும் கிளப்பின் சின்னம். முதல் லீக் பட்டம் கிடைக்க 1942 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1947-க்குப் பிறகு

அதுவரை ஈஸ்ட் பெங்கால் என்பது வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்களின் கிளப். பூஜை லீவு விட்டால் ஊருக்குப் போய்விட்டு வரலாம். பிரிவினை வந்ததும் அந்த ஊருக்குப் போக வழியில்லாமல் போனது. டாக்காவிலிருந்தும் பரிசாலிலிருந்தும் மைமன்சிங்கிலிருந்தும் லட்சக்கணக்கில் மக்கள் சியால்தா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வந்து இறங்கினார்கள். ஜாதவ்பூர், விஜய்கட், நேதாஜி நகர் பக்கம் காலி நிலத்தில் மூங்கில் தட்டி கட்டி காலனிகள் எழுந்தன. கிழக்கு வங்காளம் என்ற மாகாணம் 1955-இல் கிழக்குப் பாகிஸ்தான் ஆயிற்று, 1971-இல் பங்களாதேஷ் ஆயிற்று. அந்தப் பழைய பெயர் மிஞ்சியது மைதானத்துக் கிளப் டென்ட்டில்தான்.

வீடு, நிலம், குளம், தென்னந்தோப்பு எல்லாம் போனவனுக்கு சனிக்கிழமை சாயங்காலம் 'நாம ஜெயிச்சோம்' என்று சொல்ல ஒரு இடம் கிடைத்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறி மாதிரி தெரியும். உள்ளே இருந்தது இழப்பு.

பஞ்ச பாண்டவர்களும் நம்ம பலராமும்

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. அகதிகளின் கிளப் ஆயிற்றே, கிழக்கத்தியர்களை மட்டும் ஆடவைத்தார்களா என்றால், இல்லை. ஜோதிஷ் சந்திர குஹா என்ற நிர்வாகி இந்தியா முழுக்க ஆள் தேடினார். சாலே, அப்பா ராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான் என்ற ஐந்து முன்னணி ஆட்டக்காரர்கள் சேர்ந்தார்கள். கேரளம், ஆந்திரம், பெங்களூர் என்று ஐவரும் தெற்கத்தியர்கள். ரசிகர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் 'பஞ்ச பாண்டவர்'. 1949-இல் லீக், ஷீல்ட், ரோவர்ஸ் கோப்பை மூன்றும் ஒரே வருஷத்தில் வந்தன. ஷீல்டை 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று தடவை எடுத்தார்கள். அகமது கான் 1948 லண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணியில் இருந்தவர்.

அவர்களுக்குப் பின் 1957-இல் வந்தார் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1956 மெல்போர்ன், 1960 ரோம் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடினார். ரோமில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் போட்டார். 1961-இல் ஈஸ்ட் பெங்காலுக்குத் தலைமை தாங்கி லீக் பட்டம் வாங்கித் தந்தார். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் அவர் உண்டு. நுரையீரல் நோய் சீக்கிரமே ஆட்டத்தை நிறுத்திவிட்டது. ஆனாலும் வங்காளத்தை விட்டுப் போகவில்லை. ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் வாழ்ந்து 2023 பிப்ரவரியில் மறைந்தார். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, புலம்பெயர்ந்த வங்காளிகளின் கொடியைப் பிடித்தார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

வெற்றியும் வெறியும்

1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு லீக் பட்டம். 1970 ஷீல்ட் இறுதியில் ஈரானின் பாஸ் டெஹ்ரான் அணியை 1-0 என்று வென்றார்கள். 1975 ஷீல்ட் இறுதியில் மோகன் பகானை 5-0 என்று கவிழ்த்தார்கள். அன்றைய பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. சும்மா சொல்லக்கூடாது, அந்த ஐந்து கோலை இன்றும் பேரப்பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லும் தாத்தாக்கள் உண்டு.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் நடந்த டெர்பியின்போது ஏற்பட்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தார்கள். பந்தாட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அந்த நாளைக் கால்பந்து ரசிகர் தினமாக, ரத்ததானம் செய்து இன்றும் நினைவுகூர்கிறார்கள். அடையாளம் என்பது சோறு போடும், சில நேரம் ஆளையும் விழுங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். சிக்கிமிலிருந்து வந்த பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. 2003-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கிளப் போட்டியில் முதல் ஆட்டத்தில் தாய்லாந்தின் பெக் டெரோ சாசனாவிடம் தோற்றார்கள். இறுதியில் அதே அணியை 3-1 என்று வென்று கோப்பையோடு திரும்பினார்கள்.

கிளப் யாருடையது?

1996-இல் தேசிய லீக் தொடங்கியபின் செலவு பெருகியது. சந்தாவையும் டிக்கெட்டையும் நம்பி அணி நடத்த முடியவில்லை. 1998-இல் மதுபான நிறுவனம் ஒன்றின் பிராண்டு பெயர் கிளப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. பிறகு 2018, 2020, 2022 என்று முதலீட்டாளர்கள் மாறினார்கள். நூற்றாண்டு வருஷமான 2020-இல் இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்தது. 2021-இல் நிறுவனத்தோடு கையெழுத்தாக வேண்டிய ஒப்பந்தத்தில், உறுப்பினர்களின் உரிமை போய்விடுமோ என்று தகராறு. ரசிகர்கள் கிளப் வாசலில் போராடித் தடியடி வாங்கினார்கள். இரு பக்கமும் நியாயம் இருந்தது. பணம் இல்லாமல் அணி இல்லை. ஆனால் பணம் போட்டவருடையதே கிளப் என்றால், மூங்கில் தட்டிக் காலனியில் காலணா சேர்த்துச் சந்தா கட்டியவருக்கு என்ன பதில்?

சூப்பர் லீக்கின் முதல் ஐந்து பருவங்களில் ஒரு தடவைகூட முதல் ஆறு இடங்களுக்குள் வரவில்லை. 2024 ஜனவரியில் புவனேஸ்வரில் ஒடிஷா அணியை 3-2 என்று வென்று சூப்பர் கோப்பை வாங்கியபோது, 2012-க்குப் பின் கிடைத்த முதல் தேசியக் கோப்பை என்று பெரியவர்கள் அழுதார்கள். 2024-25 பருவத்தில் பெண்கள் அணி இந்திய மகளிர் லீக்கை வென்றது. அந்த அணியில் தமிழ்நாட்டுப் பெண்களும் ஆடினார்கள் என்பது நமக்குக் கூடுதல் சந்தோஷம்.

மூன்றாம் தலைமுறைக்குப் பத்மா நதி தெரியாது. ஆனாலும் 2020 ஜனவரி டெர்பியில், குடியுரிமைச் சர்ச்சை நாட்டில் நடந்துகொண்டிருந்த நேரத்தில், இந்த மண் ரத்தத்தால் வாங்கியது, காகிதத்தால் அல்ல என்ற பொருளில் ஒரு பெரிய பேனரை ரசிகர்கள் விரித்தார்கள். 2024 ஆகஸ்டில் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பெண் டாக்டருக்கு நீதி கேட்டு ஊர் கொதித்தபோது டெர்பி ரத்தானது. அன்று சிவப்பு-பொன் சட்டையும் பச்சை-மெரூன் சட்டையும் ஸ்டேடியத்துக்கு வெளியே தோளோடு தோள் நின்றன. 1980-ஐப் பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

நமக்குக் கும்பகோணமும் திருநெல்வேலியும் வரைபடத்தில் அப்படியே இருக்கின்றன. கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் சென்னை. அவர்களுக்கு அது வாய்க்கவில்லை. இருந்தும் ஊர்ப் பெயரை விடாமல், ஆட வந்தவர் எந்த ஊராக இருந்தாலும் 'வா' என்று சேர்த்துக்கொண்டார்கள். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் பழம்பெருமைச் சங்கமாகச் சுருங்கியிருக்கும். எல்லாரையும் சேர்த்து, பெயரை விட்டிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். இரண்டையும் செய்ததால் நிலைத்தது. அடுத்த தடவை டீக்கடையில் அந்தக் கேள்வி வந்தால், எந்தப் பெயரைச் சொன்னாலும் சரி, கேட்டவரின் தாத்தா எந்த ஊர் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டுப் பாருங்கள். டீ ஆறிப்போகும்வரை பேசுவார்.